தொப்பியில் முதல் நோட்டு

புடாபெஸ்டில் கட்டணமில்லாத நடைச் சுற்றுலா அது. கடைசியில் தொப்பி சுற்றும், மனமிருந்தால் போடலாம். வழிகாட்டி இல்டிகோவுக்கு அன்றைக்கு இது மூன்றாவது சுற்று. தொண்டை கட்டிப்போயிருந்தது.

சங்கிலிப் பாலத்தருகே கதையை முடித்துவிட்டுத் தொப்பியை நீட்டினாள்.

"பிடிச்சிருந்தா ஏதாவது போடுங்க."

எல்லோரும் அவசரமாக ஆற்றைப் பார்த்தார்கள்.

இரண்டு பிள்ளைகளோடு, வழியெல்லாம் பையிலிருந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி வந்த ஒருவர் முன்னால் வந்தார்.

"நாங்களே கையைக் கடிக்காம ஊர் பாக்க வந்தவங்க. அதுக்காக உழைச்சவங்க வயித்துல அடிக்க முடியுமா?" என்று பத்தாயிரம் ஃபோரின்ட் நோட்டைப் போட்டார்.

ரொட்டி தின்றவரே போட்டுவிட்டார். மற்றவர்களின் பர்ஸும் வேறு வழியின்றித் திறந்தது.

கூட்டம் கலைந்தது. இல்டிகோ அந்த நோட்டை மட்டும் எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"பத்திரமா வச்சுக்கோ. நாளைக்கும் வேணும்."

"நாளைக்கு என்னால ஆகாது. மூணு சுத்து நடந்து பசங்களுக்குக் கால் வீங்கிடுச்சு."

சின்னவள் டோர்கா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, இல்டிகோவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"எல்லாரும் போயிட்டாங்க. இப்ப உன்னை அம்மான்னு கூப்பிடலாமா?"