அடுப்புத் திருத்த வந்தவர்

மூன்று நாளாகக் குணலட்சுமிக்குக் காஸ் குக்கர் அடுப்போடு ஒரே கரைச்சல். பற்றவைத்தால் சாமிப் படத்துக்கு முன்னால் ஏற்றுகிற விளக்கு மாதிரி ஒரு மஞ்சள் சுவாலை. அரை மணித்தியாலம் வைத்தாலும் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்காது. கேத்திலின் அடி கரிபிடித்ததுதான் மிச்சம்.

வருகிற வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வருகிறார்கள். மகள் பத்மாவதிக்கும் காங்கேசன்துறையில் வேலைபார்க்கும் என்ஜினியர் பெடியனுக்கும் சாதகம் அப்படியொரு பொருத்தம். இந்த நேரம் பார்த்துத்தானா சனியன் பிடித்த குக்கருக்கு வருத்தம் வரவேண்டும்!

கணவர் பரமலிங்கம் கந்தோருக்குப் போகிற வழியில், யாழ்ப்பாணத்தில் குக்கர் திருத்தும் கடை ஒன்றில் தங்கள் அரியாலை வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பதினொரு மணிக்கே படலையில் சைக்கிள் மணி கேட்டது.

வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, விரலில் கல்லு மோதிரம். கையில் ஒரு சின்னப் பை.

குக்கர் திருத்துகிறவன் மோதிரம் போட்டுக்கொண்டா வருவான்? குணலட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். போன மாதம் பின் ஒழுங்கை வீட்டுக்குக் கரண்ட் மீற்றர் பார்க்க என்று ஒருவன் வந்தான். மூலை முடுக்கெல்லாம் நோட்டம் விட்டுப் போனவன், மூன்றாம் நாள் ஆட்களோடு வந்து தாலிக்கொடி வரைக்கும் உருவிக்கொண்டு போய்விட்டான். சண்டைக்குள் பொலிஸே இல்லாமல்போன இந்த எண்பத்தாறாம் ஆண்டில் ஆரிடம் போய் முறையிடுவது?

இவளோ, முந்தநாள் பத்தரிடமிருந்து வந்த மகளின் சீதன நகை அத்தனையையும் குசினியில், ஒடியல் மா டின்னுக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். அது போனால் கலியாணமும் போச்சு.

வந்தவர் நேரே போய் அந்த டின்னுக்குப் பக்கத்திலேயே குந்தினார்.

“தங்கச்சி, உந்த டின்னைக் கொஞ்சம் அரக்கி வையுங்கோ. கை தட்டுப்படுது.”

குணலட்சுமி டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு இறக்கவேயில்லை.

அவர் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். “காஸ் கிடக்கு.” ரெகுலேற்றரைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். சவர்க்காரத் தண்ணீரைக் குழாயில் பூசிப் பார்த்தார். குமிழி ஒன்றும் வரவில்லை. “லீக்கும் இல்லை.” கை வேலை செய்ததே தவிர, கண் கூரையில் ஏறியது, யன்னலால் வளவுக்கு இறங்கியது.

“வீடு ஆற்றை பேரிலை, தங்கச்சி?”

ஆ, தொடங்கிவிட்டான்! வீட்டில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஏன் திரும்பி வரப்போகிறான்?

“என்ரை தமையன்ரை பேரிலை, அண்ணை. நாங்கள் சும்மா இருக்கிறம். எப்ப எழும்பச் சொல்லுவாரோ தெரியாது.”

“கிணத்துத் தண்ணி நல்லதோ?”

கள்ளனுக்கு என்ன தண்ணீர்க் கவலை? கிணற்றடி மதிலால் குதிக்கத்தான் யோசிக்கிறான்.

“உப்பு. வாயிலை வைக்கேலாது. கிணத்தடி முழுக்கப் பாம்பு.”

அவருடைய பார்வை அவள் கழுத்துக்கு வந்தது.

“றோல்ட் கோல்ட்!” என்றாள் அவசரமாக. “பொட்டுத் தங்கம் இந்த வீட்டிலை இல்லை.”

“ஆம்பிளைப் பிள்ளையள்?”

“மூண்டு பேர். வேலை வெட்டி ஒண்டுமில்லை, பகல் முழுக்க வீட்டிலைதான். பின்னேரம் கள்ளுக் கொட்டில். வெறி ஏறினால் மூண்டு பேரும் கத்தியோடைதான் நிப்பாங்கள்.”

பிள்ளையாரே, மன்னித்துக்கொள்ளும்! இருப்பது ஒரே மகன். பேராதனையில் படிக்கிறான். கோழியைக்கூட உரத்து விரட்டமாட்டான்.

வந்தவரின் கை ஒரு கணம் நின்றது. நல்லாய்ப் பயந்துவிட்டான் என்று குணலட்சுமிக்குச் சந்தோசத்தில் புளுகம் தாங்கவில்லை.

“மகள் ஒராள் எண்டு...”

“அவளோ! கோவம் வந்தால் கண்மண் தெரியாது. போன கிழமை வேலி பாய்ஞ்ச ஒருத்தனை உலக்கையாலை போட்ட போட்டிலை, அவன் இன்னும் ஆசுப்பத்திரியிலை.”

கரப்பான் பூச்சியைக் கண்டால் கதிரையில் ஏறி நின்று கத்துகிற பத்மாவதி, உள்ளறையில் சத்தமில்லாமல் கதைப்புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள்.

அவர் அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பேர்னரைக் கழற்றி, காஸ் வருகிற சின்னத் துவாரத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். “குளவி மண் வைச்சிருக்கு. பாதி அடைச்சுப்போட்டுது. ஒரு ஊசி தாங்கோ.” ஊசியால் குத்தி, ஊதி, திரும்பப் பூட்டிப் பற்றவைத்தார். பக்கென்று நீலச் சுவாலை வளையமாக எழும்பியது. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஆள் கள்ளன் என்பதையே மறந்து, “அம்மாடி!” என்று சிரித்துவிட்டாள் குணலட்சுமி.

அவர் சிரிக்கவில்லை. கொதித்த தண்ணீரில் தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றார். கூலியும் வாங்கவில்லை.

“இருக்கட்டும், தங்கச்சி. பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு.”

சைக்கிள் ஒழுங்கை திரும்பும்வரை பார்த்து நின்றுவிட்டு, படலைக்குக் கொழுக்கி போட்டாள். ஒரு கள்ளனை வாயாலேயே விரட்டிய கெட்டித்தனத்தை நினைக்க நினைக்க அவளுக்கே அவள்மேல் மதிப்பு வந்தது. முழுக்கதையையும் கணவருக்குச் சொல்லவேண்டும் என்று பின்னேரம் வரை வாசலுக்கும் குசினிக்குமாக நடந்தாள்.

பரமலிங்கம் வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. வருகிற வழியில் அந்தக் கடைக்கும் போய், அங்கே நின்ற வேலைக்காரப் பெடியனோடு கதைத்துவிட்டு வந்திருக்கிறார். அவள் வாய் திறக்கமுன் அவர் தொடங்கிவிட்டார்.

“இஞ்சாருமப்பா, கடை முதலாளி வேறை ஆளைத்தான் அனுப்ப இருந்தவராம், எங்கடை விலாசத்தைக் கண்ட உடனை தானே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டார், ஏனெண்டால் அந்த மனிசன் வேறை ஆருமில்லை, எங்கடை மாப்பிள்ளையின்ரை தாய்மாமன்!”