இங்கே சைக்கிள் நிறுத்தாதீர்

"பெத்த அப்பனா இவன்? நெஞ்சு இருக்க வேண்டிய இடத்துல கல்லுதான் இருக்கு!" என்றாள் தரைத்தளத்து ஸ்தோய்கா.

நானும் தலையாட்டினேன். இந்தக் கட்டடத்தின் நிர்வாகி நான். மாடிப்படி விளக்கு, குப்பை, அறிவிப்புத் தாள் எல்லாம் என் பொறுப்பு. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் நான் தலையிடுவதில்லை. பேசிக்கொள்வதோடு சரி.

அன்று பேசுவதற்கு நிறையவே இருந்தது. மூன்றாம் மாடி ஸ்டாமெனின் பிள்ளைக்காக வக்கீல் மிலேவா வந்திருந்தார். ஸ்டாமெனுக்குப் பிறந்தது பையன். இப்போது அவள் திருநங்கை, பெயர் நெவேனா. அந்தப் பெயரை வீட்டில் சொன்ன நாளிலிருந்து, மூன்று வருஷமாக அப்பனுக்கும் பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா பென்காவின் அடக்கத்தில்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

நெவேனா ஒரு தனியார் கம்பெனியில் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜனவரியில் ஒருநாள் தோடு போட்டுக்கொண்டு போய், இனி என்னை நெவேனா என்று கூப்பிடுங்கள் என்றாள். அந்த வாரமே சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அவள் வழக்குப் போட்டாள். 'ஜனவரியில் நெவேனா என்று யாருமே இல்லை, வேலை போன பிறகு வழக்குக்காகக் கட்டிய வேஷம் இது' என்கிறது கம்பெனி.

விசாரணை மறுநாள் காலை.

"ஜனவரிக்கு முன்னாடியே அவளை நெவேனான்னு தெரியும்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்தாக்கூடப் போதும். இல்லேன்னா கேஸ் நிக்காது" என்றார் மிலேவா.

"எனக்கு ரத்தக் கொதிப்பு. கோர்ட்டுன்னாலே ஆகாது" என்றாள் ஸ்தோய்கா.

"நான் பொது மனுஷன், வக்கீலம்மா. ஒரு பக்கமா சாய முடியாது" என்றேன் நான். "அப்பன்காரர் மேலதானே இருக்கார்? அவரைக் கேளுங்க."

மூன்று பேரும் படியேறினோம். ஸ்டாமென் கதவைப் பாதி திறந்தார்.

"கோர்ட்டுக்கெல்லாம் வரமாட்டேன்."

"வர வேண்டாம், ஐயா. எழுதிக் கொடுத்தா..."

"சொல்ல வேண்டியதைத்தான் எழுதிக் கதவுல ஒட்டியாச்சே! ஊரே பாக்கட்டும்னுதானே ஒட்டினேன்? இன்னும் என்ன வேணும்?"

கதவு படீரென்று சாத்திக்கொண்டது. அந்தக் கதவில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

அப்போதுதான் ஸ்தோய்கா அந்தக் கல்லு நெஞ்சைப் பற்றிச் சொன்னாள்.

"எந்தக் கதவைச் சொல்றார்?" என்றார் வக்கீல்.

"பொண்டாட்டி போன துக்கம். ஏதோ உளர்றார்" என்றேன்.

"வாசக்கதவா இருக்கும்" என்றாள் ஸ்தோய்கா. "பென்காவோட ஆறு மாச நினைவுக்கு அஞ்சலித் தாள் ஒட்டினாரே, நவம்பர்ல. அவிச்ச கோதுமைகூட எல்லாருக்கும் குடுத்தாரு. அன்னைக்கு இறங்கினவர்தான். அப்புறம் முழங்கால் போச்சு, கீழயே வர்றதில்ல."

"அதுல என்ன இருக்கப்போகுது? எல்லா வாசல்லயும் இருக்கறதுதானே" என்றேன்.

உண்மைதான். எங்கள் ஊரில் யார் செத்தாலும் படம் போட்டு, நாற்பதாம் நாள், ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தாள் மேல் தாளாக ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். நாங்களும் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போய்விடுவோம். யார் நின்று வாசிக்கிறார்கள்?

வக்கீல் அதற்குள் படியிறங்கத் தொடங்கிவிட்டார்.

"ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போலாமே, வக்கீலம்மா!"

அவர் நிற்கவில்லை.

வாசல் கதவின் கண்ணாடியில் பென்கா சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்கு மேலே நவம்பர் ஒன்பது என்று தேதி. கீழே 'எங்கள் அன்பு பென்கா இல்லாத ஆறு மாதம்'. அதற்கும் கீழே என் அறிவிப்பு: 'இங்கே சைக்கிள் நிறுத்தாதீர் – நிர்வாகி.' நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. என் வேலை எப்போதும் சுத்தமாக இருக்கும்.

வக்கீல் டேப்புக்குள் நகத்தை விட்டார்.

"கிழிஞ்சிடப் போகுது" என்றேன்.

கிழியவில்லை. அறிவிப்பு மட்டும் முழுசாகக் கையோடு வந்தது. அது மறைத்திருந்த இடத்தில் ஒரே ஒரு வரி.

'ஆறாத் துயரத்துடன்: கணவர் ஸ்டாமென், மகள் நெவேனா.'

ஸ்தோய்கா சிலுவை போட்டுக்கொண்டாள். வக்கீல் தேதியோடு சேர்த்து நாலைந்து படம் எடுத்தார். பிறகு கதவைத் திறந்து, தெருவோர மரத்தடியில் நின்றிருந்த நெவேனாவைக் கூப்பிட்டார். அப்பா இருக்கும் கட்டடத்துக்குள் வரமாட்டேன் என்று அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

வந்தாள். வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"இதை யாரு எழுதினது?"

"உங்கப்பாதான்" என்றார் வக்கீல்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே..."

அவள் எங்களைத் தாண்டி, மாடிப்படியில் ஏற ஆரம்பித்தாள்.

வக்கீல் என் அறிவிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எப்ப ஒட்டினீங்க?"

"அது ஆச்சு... அஞ்சாறு மாசம்."

"கோதுமை குடுத்த அன்னைக்குச் சாயங்காலமே ஒட்டிட்டார்" என்றாள் ஸ்தோய்கா.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சைக்கிள் தொல்லை தாங்க முடியல, வக்கீலம்மா. கதவுல வேற இடமும் இல்ல, அதான்..."

ஸ்தோய்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நம்ம கட்டடத்துல யாருகிட்ட சைக்கிள் இருக்கு, தெலியான் அண்ணே?"