கத்திப் பழகுதல்

சன்னலில் தொங்கும் பழைய போர்வையின் ஓட்டை வழியே உச்சிவெயில் குவார்ட்டர்ஸ் தரையில் ஒரு பொட்டாக விழுகிறது. சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த குமரவேல் உள்ளறையில் தூங்குகிறார். அவர் தூங்கும்போது இந்த வீட்டில் குக்கர்கூட வைப்பதில்லை, டிவியும் ஊமைதான். அடுக்களை வாசலில் திலகவதி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் எழிலை எதிரே உட்காரவைத்திருக்கிறாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை வீட்டிலும் பழக்கச் சொல்லியிருக்கிறார் டீச்சர். “யாராவது தொடக் கூடாத எடத்துல தொட்டா என்ன பண்ணணும்?” “வேணாம்னு கத்தணும்.” “எங்க, கத்து பாப்போம்.” எழில் உள்ளறைக் கதவைப் பார்க்கிறாள். கண்களை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்க, வாயை அகலத் திறந்து கத்துகிறாள். “வேணாம்.” மின்விசிறிச் சத்தத்தில் அது அம்மாவுக்கே சரியாகக் கேட்கவில்லை. “இப்படிக் கத்துனா யாருக்குடி கேக்கும்?” என்று திலகவதியும் கிசுகிசுக்கிறாள்.

குழந்தை பாவாடை நுனியை விரலில் சுற்றுகிறது, பிரிக்கிறது, மறுபடி சுற்றுகிறது.

“எதிர் பிளாக் மாமா வந்தன்னிக்கும் அப்பா தூங்கிக்கினுதாம்மா இருந்தாரு. இப்படித்தான் கத்துனேன்.”