சிள்வண்டின் முதல் பாட்டு

ஒரு மைனா வாரந்தோறும் பாட்காஸ்ட் நடத்திவந்தது. கொரியா, ஜப்பான் பாப் பாடல்களைப் போடும். சொந்தமாகப் பாட்டுக் கட்டும் புதியவர்களையும் அழைத்துப் பேசும். கேட்பவர்கள் மொத்தம் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேருக்காக மைனா உயிரையே விடும்.

ஒருநாள் சிள்வண்டு விருந்தாளியாக வந்தது. மூன்று மாதம் பாடுபட்டுக் கட்டிய தன் முதல் பாட்டை யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்ற தவிப்பு அதற்கு.

"பாட்டுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை" என்று மைனா தொடங்கியது. கொரியக் குழுக்களைப் பற்றிச் சொன்னது, தைவான் பாடகிகளைப் பற்றிச் சொன்னது, புதுத் திறமையைத் தான் எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்பதையும் விலாவாரியாகச் சொன்னது. சிள்வண்டு இரண்டு முறை சிறகை விரித்து, மடக்கிக்கொண்டது. நேரம் முடியப்போவது தெரிந்ததும், மைனா பேசிக்கொண்டிருக்கும்போதே சிள்வண்டு தன் பாட்டைப் பாடி முடித்துவிட்டது.

மறுநாள் அந்தப் பதினோரு பேரில் ஒருவரான அணில் எழுதியிருந்தது: "நிகழ்ச்சி பிரமாதங்க! கடைசியில மட்டும் நீங்க பேசறப்போ ஏதோ கிர்ர்னு இரைச்சல்."

மைனாவுக்கு முகம் சுண்டிவிட்டது. உடனே உட்கார்ந்து அந்த இரைச்சலைச் சுத்தமாக நீக்கியது. பிறகு சிள்வண்டைத் தேடிப் போய்ச் சொன்னது:

"கவலையே படாதீங்க. உங்க எபிசோடு இப்போ பளிங்கு மாதிரி இருக்கு."