ஜெயித்தவருக்கு வரகுப் பொங்கல்

"அது எனக்குன்னு செஞ்சதுங்க. இன்னைக்கு ஒரு நாளாச்சும் விட்டுக்குடுக்கக் கூடாதா?" என்று கேட்டாள் என் மனைவி ஜெனிபர். அடுப்படி வாசலில் வரகுப் பொங்கல் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

"வெளாட்டுன்னா வெளாட்டுதான். ஜெயிச்சவகளுக்குத்தான் பொங்கல்" என்று கேரம் போர்டில் பவுடரைத் தூவினேன். கட்டிய மனைவியின் சோற்றைக் கேரம் ஆடிப் பிடுங்கித் தின்கிறவன் அனுமந்தன்பட்டியில் என்னைத் தவிர வேறு எவனும் இருக்க மாட்டான்.

எதிரே மகள் இவாஞ்சலின். அவளுக்கு ஒரே ஒரு வெள்ளைக் காய் பாக்கி, அதுவும் குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. ஊதினாலே விழுந்துவிடும்.

அடித்தாள். காய் அசையவில்லை. ஸ்டிரைக்கர் போய் வேறொரு குழியில் விழுந்தது.

"போச்சு! கை நடுங்கிருச்சுப்பா."

"பதறக் கூடாதும்மா. அப்பா அடிக்கிறதப் பாத்துக் கத்துக்க" என்று சொல்லி, மிச்சமிருந்த என் காய்களைப் போட்டு முடித்தேன்.

எங்கள் அடுப்படியில் கரண்டிகளைக் குத்தி வைத்திருக்கும் வெள்ளிக் கலர் கோப்பை, போன வருடம் மாவட்டப் பள்ளிகளுக்கான கேரம் போட்டியில் இவாஞ்சலின் வாங்கியது. அவளையே தினமும் தோற்கடிக்கிறேன் என்றால் என் கை எப்பேர்ப்பட்ட கை! இதை வெளியில் சொன்னால் பெருமை பேசுகிறான் என்பார்கள். இருந்தாலும் எல்லாரிடமும் சொன்னேன்.

இந்த ஆட்டம் தொடங்கியதற்கு ஒரு சமையல் புத்தகம்தான் காரணம். உடம்பைக் குறைக்கப் போவதாகச் சொல்லி, சிறுதானியமும் கீரையுமாக ஒரு ஆரோக்கியச் சமையல் புத்தகத்தைத் தேனியிலிருந்து வாங்கி வந்தாள் ஜெனிபர். முதல் நாளே கிண்ணத்தை மூடி வைத்து, "இது எனக்கு மட்டும். நீங்க தொடாதீக" என்று சொல்லிவிட்டாள்.

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. சின்னமனூர் மண்டியில் வாழைத்தார் ஏலம் எடுக்கிறவன் நான். வேறு எவனாவது ஒரு தாரை ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டால் போதும், அது அடிபட்ட தாராக இருந்தாலும் எனக்கு வேண்டும்.

"அதென்ன எனக்கில்லாத சோறு? கேரம் ஆடுவோம். ஜெயிக்கிறவகளுக்குச் சோறு" என்றேன்.

ஜெனிபர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, செல்போனத் தூரப் போட்டுட்டு எல்லாரும் ஒண்ணா உக்காந்த மாதிரியும் இருக்கும்" என்று ஒப்புக்கொண்டாள். அவளுக்கு ஸ்டிரைக்கர் பிடிக்கத் தெரியாது. அம்மாவுக்காக மகள் ஆடினாள்.

அன்றிலிருந்து எனக்கு வெற்றி மேல் வெற்றி. முருங்கைக்கீரை அடை, கொள்ளு ரசம், இனிப்பே போடாத கேழ்வரகுக் கூழ் எல்லாம் நான் போராடி வென்றவை. மிச்சத்தை மறுநாள் டிபன் பாக்ஸில் போட்டு மண்டிக்குக் கொண்டுபோய், "நேத்து ஜெயிச்சது" என்று காட்டிக் காட்டித் தின்றேன்.

தோற்ற இருவரும் பாவம். முறுகலான நெய்த் தோசையும், ஞாயிற்றுக்கிழமையானால் பரோட்டா சால்னாவும் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டார்கள். சால்னா வாசம் மூக்கைத் துளைக்கும். ஆனாலும் பரிசு பரிசுதானே என்று வரகை மென்று விழுங்குவேன்.

அன்றைக்கு ஜெயித்த வரகுப் பொங்கல் மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. மறுநாள் எனக்கு சுகர் டெஸ்ட். இந்தத் தடவையும் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று உத்தமபாளையம் டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஊசியை நினைத்தாலே எனக்குக் கண்ணைக் கட்டும். அப்படிப்பட்டவன் பத்தியமாவது இருந்திருக்கலாம். "பத்தியச் சோறு திங்க நான் என்ன சீக்காளியா?" என்று டாக்டர் முன்னாலேயே வீறாப்பு பேசிவிட்டு வந்தேன். கெஞ்சிப் பார்த்த ஜெனிபரும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

"ஊசின்னு சொல்லிட்டா என்ன செய்யிறது?" என்றேன். குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது.

"மாதா கைவிட மாட்டாக. சாப்பிடுங்க" என்றாள் ஜெனிபர்.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் ரிசல்ட்டை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தார். "பங்கிராஸ், நல்லாக் குறைஞ்சிருக்கே! இப்போதைக்கு ஊசி வேண்டாம், மாத்திரைய மட்டும் விட்டுறாதீங்க. ஒழுங்காப் பத்தியம் இருந்தீங்க போல?"

"பத்தியமா? நானா? நம்ம உடம்பு வாகு அப்படி டாக்டர்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

வாசலில் பைக்கை நிறுத்தும் முன்பே கத்தினேன். "ஏய் ஜெனிபரு, ஊசி இல்லையாம்! ஒரு நாள்கூடப் பத்தியம் இல்லாம கொறைச்சுக் காட்டிட்டேன், பாத்தியா?"

ஜெனிபர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். இத்தனை நாள் இவள் சோற்றையா பிடுங்கித் தின்றோம் என்று வெட்கமாக இருந்தது.

ஆனாலும் ஏலக்காரன் புத்தி போகவில்லை. "இவாஞ்சலின், போர்ட எடும்மா. இன்னைக்கு என்ன பரிசு?" என்றேன்.

அவள் போர்டைத் துடைத்துக் காய்களை அடுக்கினாள். ஸ்டிரைக்கரைக் கையில் எடுத்தவள், அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாளாச்சும் நான் ஜெயிச்சுக்கவா?"