எழுதிக் கொடுத்த வயது

"எக்ஸ்ரே எல்லாம் வேண்டாங்க. எங்க பொண்ணுக்கு வயசு அதிகம்தான். பட்டியல்ல இருந்து பேரை அடிச்சிடுங்க."

வெளியே போய்விட்டு வந்த பியாட்ரிஸ் மிஸ் இப்படிச் சொன்னதும் கூடாரத்தில் இருந்தவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பின்னே? சொந்தக் கல்லூரிப் பெண்ணை உடற்பயிற்சி ஆசிரியையே வெளியே தள்ளினால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

ஊட்டியில் கல்லூரிகளுக்கு இடையே தடகளப் போட்டி. பெண்களுக்கான ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் இறுதிப் பந்தயம் பதினோரு மணிக்கு. முந்தின நாள் தகுதிச் சுற்றில் கருப்பம்மா எல்லோரையும் வெகுதூரம் பின்னால் விட்டு ஓடியிருந்தாள். மஞ்சூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பெண். சிறு வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். இன்று ஜெயித்தால் பல்கலைக்கழக அணியில் இடம். அந்த அணியில் ஓடியவர்களில் யார் யாருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது என்பது அவளுக்கு மனப்பாடம்.

காலையில்தான் எதிர்க் கல்லூரி ஒரு புகார் மனுவை நீட்டியது. இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் ஓடக்கூடாது. சான்றிதழ்படி கருப்பம்மாவுக்கு இருபத்தைந்து முடிந்து மூன்று வாரம். குறித்த தேதியில், நவம்பர் தொடக்கத்திலேயே போட்டி நடந்திருந்தால் வில்லங்கமே இல்லை. மழையும் மண்சரிவும் டிசம்பர் வரை இழுத்துவிட்டன.

போட்டிச் செயலாளர் பாலசுப்பிரமணியம் இரக்கக்காரர். அரை மணி நேரமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மிஸ், அந்தப் புள்ள மூஞ்சியப் பாருங்க. இருபத்தஞ்சுன்னா யாராச்சும் நம்புவாங்களா? பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப தேதியத் தப்பா எழுதியிருப்பாங்க. பெரியாஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்குது. எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயசைச் சொல்லிப் போடுவாங்க. பந்தயத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வெக்கறேனுங்க."

"எடுத்துக்கறேன் சார்! இப்பவே வர்றேன்!" கருப்பம்மா துள்ளி எழுந்தாள்.

"நீ உட்காரு," என்றார் பியாட்ரிஸ். "அதெல்லாம் தேவையில்லைங்க சார். சான்றிதழ்ல இருக்கற தேதி சரியான தேதிதான். நான் நல்லா விசாரிச்சுட்டேன்."

"மிஸ்!"

"வேணும்னா எழுதியே தர்றேன்."

எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

பாலசுப்பிரமணியம் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "வேற யார் எழுதியிருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பித்தான் இருப்பேனுங்க. நீங்களே எழுதினதுக்கு மேல நான் என்னத்தப் பேசறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இரண்டு வருஷம் முன்னால், தன் அணியில் ஒருத்தி வேறொரு பெண்ணின் பெயரில் பூப்பந்து ஆடிவிட்டாள் என்று தெரிந்ததும், வாங்கிய ஷீல்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸேறிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர் பியாட்ரிஸ். அதற்காகக் கல்லூரி முதல்வரிடம் திட்டும் வாங்கினார்.

"நேர்மைக்கும் ஒரு அளவு வேண்டாமா? தான் பெத்த பொண்ணா இருந்தா இப்படிச் செய்வாங்களா?" கூட ஓட வந்த பெண்கள் அவர் காதுபடவே பேசினார்கள்.

பதினோரு மணிக்குத் துப்பாக்கி வெடித்தது. கருப்பம்மா இல்லாமலே பந்தயம் தொடங்கிவிட்டது.

கூடாரத்துக்குப் பின்னால் புல்லில் உட்கார்ந்து அவள் தேம்பிக்கொண்டிருந்தாள். பியாட்ரிஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் சீறினாள்.

"உங்களுக்கு நல்ல பேர் வேணும். அதுக்கு எங்க குடும்பத்துப் பொழப்புத்தான் கெடைச்சுதா? எக்ஸ்ரே எடுத்திருந்தா நான் ஓடியிருப்பேன் மிஸ்!"

"ஓடியிருப்பே. ஜெயிச்சும் இருப்பே, சின்னம்மை."

அழுகை சட்டென்று நின்றது. அந்தப் பெயரைச் சொல்லி வீட்டுக்கு வெளியே யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

"நீ ஓடறதைப் பார்க்க உங்க அம்மா முதல் பஸ்ஸுல வந்துட்டாங்க. எக்ஸ்ரேன்னு காதுல விழுந்ததும் என்னை வெளிய கூட்டிட்டுப் போய் அழுதுட்டாங்க. 'வேணாம் டீச்சரம்மா. கருப்பம்மாங்கிறது மூத்த பிள்ளை. பாஸ்போர்ட்டுல அவ பேரை மட்டுந்தான் எழுதியிருந்தாங்க, இவ பேரு விட்டுப்போச்சு. கப்பல் ஏறுறதுக்குள்ள மூத்தவ காய்ச்சல்ல போயிட்டா. அவ பேர்லதான் இவளக் கூட்டிக்கிட்டு வந்தோம்'னாங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு இருபத்தொண்ணுதான் மிஸ்."

"எக்ஸ்ரேவும் அதைத்தான் சொல்லும். அப்புறம் கருப்பம்மா எங்கேன்னு கேப்பாங்க. நீ யாருன்னு கேப்பாங்க. எந்த நாட்டுக் காகிதத்துலயும் நீ இல்லையே கண்ணு. கப்பல்ல வந்தவங்கன்னு கொடுத்த குடும்பக் கார்டே பொய்யின்னு ஆயிட்டா, அதை வெச்சுக் கிடைச்ச உங்கப்பாவோட தோட்ட வேலை என்னாகும்? குடியிருக்கற ஊடு என்னாகும்?"

மைதானத்தில் கைதட்டல் கேட்டது. யாரோ ஜெயித்துவிட்டார்கள்.

"இந்த ஓட்டத்தை உங்கிட்ட இருந்து பிடுங்கினது நான்தான். அது எனக்குத் தாங்கலை." என்றார் பியாட்ரிஸ்.

"அப்ப... நீங்க எழுதிக் கொடுத்தது?"

"பொய்தான். இத்தனை வருஷத்துல நான் பொய்யா ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. அதனாலதான் இன்னிக்குப் போட்டதைச் செயலாளர் ஒரு கேள்வி கேக்காம வாங்கிக்கிட்டாரு."