நாலாம் சரணத்துத் தாவல்

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் கடைசியில். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பல் டாக்டர் முதலில் கோபப்பட்டு முடிக்கட்டும்.

கோபத்துக்குக் காரணம் இதுதான்: அவர் இல்லாத இடத்தில் அவர் குரல் பாடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ஒத்திகை முடிந்து படியிறங்கியவர், மறந்து வைத்த மூக்குக்கண்ணாடிக்காகத் திரும்பி வந்தார். ஆலய வாசலிலேயே கேட்டுவிட்டது. அதே கணீர். மேல் சுரத்துக்குத் தாவுவதற்கு முன் மூக்கை ஒருதரம் உறிஞ்சிக்கொள்ளும் அதே பழக்கம். அவருக்கே சந்தேகம் வந்து தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே, ஸ்டூல் மேல் கிளி. குழுவில் பாடுகிற பெண். பேர் வேறு, ஆனால் எல்லோருக்கும் கிளி. கையில், அவர் பாட்டு நடத்துகிற குச்சி. சுற்றிலும் அவருடைய பாடகர் குழு.

"ம், வாயை நல்லாத் திறங்க," என்றாள் அவர் குரலிலேயே. "மூடாதீங்க. இன்னும் முடியல."

வாரமெல்லாம் பல் பிடுங்கும் நாற்காலியில் படுத்திருப்பவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவுக்கும் டாக்டர் சொல்வது இந்த ஒரே வசனம்தான். குழு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டாக்டரைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"இறங்கு."

இறங்கினாள்.

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"கொஞ்ச நாளா, டாக்டர்."

"ஆண்டவர் உலகத்தைப் படைச்ச பாட்டும்மா அது. அதை வெச்சா கேலி?"

"கேலி இல்ல டாக்டர்."

"பின்ன என்ன?"

போதகர் மாதிரி இருமுவாள், பொருளாளர் மாதிரி தும்முவாள். யார் என்ன கேட்டாலும் யாராவது ஒருத்தர் குரலில் பதில் வைத்திருக்கிற பெண். தன் குரலில் சொல்ல மட்டும் ஒன்றும் கிடைக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு நீ குழுவில நிக்க வேண்டாம். கடைசி பெஞ்சுல போய் உட்காரு."

குழுவில் சலசலப்பு. அடிக்குரல் பாடும் டாக்ஸி டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார்.

"டாக்டர், அவ இல்லேன்னா... நாளைக்கு நாம அந்த இன்னொரு மெட்டுல பாடிடலாமே."

அந்தப் பாட்டுக்கு இரண்டு மெட்டு. ஒன்று சமதரையில் நடக்கிற மாதிரி. யார் வேண்டுமானாலும் பாடலாம். மற்றது மலையேறுகிற மாதிரி. முதல் சரணத்தில் வெளிச்சம், அடுத்ததில் வானம், அப்புறம் மரஞ்செடி என்று படிப்படியாக ஏறி, நாலாம் சரணத்தில் நட்சத்திரங்கள் வரும் இடத்தில் குழு நிறுத்திக்கொள்ளும். டாக்டர் மட்டும் தனியாக உச்சிக்கு ஒரு தாவு தாவுவார். இந்த வயசில் இப்படி ஒரு சாரீரமா என்று, கேட்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும்.

"நட்சத்திரத்தைக் கொண்டுவந்து தரையில வைக்கச் சொல்றீங்க?" என்றார் டாக்டர்.

"அதுக்கில்ல..."

"என்னால அதைத் தாவ முடியாத அன்னைக்கு இந்தக் குச்சியை வெச்சிட்டு நானே வீட்டுக்குப் போயிடுறேன். அதுவரைக்கும் இந்த மெட்டுதான்."

சொன்னால் செய்துவிடுகிற மனுஷன். அதனால்தான் யாரும் மேலே பேசவில்லை. ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மட்டும் பேசினார்.

"அந்தப் பிள்ளை எப்பவும் போல உங்க முதுகுக்குப் பின்னாலேயே நின்னுட்டுப் போகட்டுமே."

"முதுகுக்குப் பின்னால நின்னு என்ன பண்றாள்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுபோச்சே."

மனைவி ஆர்கனை மூடினார்.

சிரிப்பு இன்னும் வரவில்லை, தெரியும். வந்துகொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. வெளிச்சம் வந்தது. வானம் விரிந்தது. மரஞ்செடிகள் முளைத்தன. டாக்ஸி டிரைவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பாடினார். தூக்கமா ஜெபமா என்று டாக்டருக்குப் புரியவில்லை. மனைவி வேறு ஆர்கனை என்றைக்கும் இல்லாத அழுத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

நாலாம் சரணம். குழு நிறுத்திக்கொண்டது.

டாக்டர் மூக்கை உறிஞ்சினார். வாயை அகலமாகத் திறந்தார். தாவினார்.

வெறும் காற்று வந்தது.

அதே நொடியில் அவர் குரலும் வந்தது. கணீரென்று, கொஞ்சமும் பிசிறில்லாமல், ஒவ்வொரு நட்சத்திரமாக எடுத்து வானத்தில் பதிப்பதுபோல. ஆனால் அவர் தொண்டையிலிருந்து இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து.

அத்தனை பேர் இருந்தும் ஒரு தலை பின்னால் திரும்பவில்லை. கிளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட அவளைப் பார்க்காமல், இவரையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள், எப்போதும் போல.

'தொண்டை அடைச்சாலும் குரல் அடைக்கல பார்த்தியா' என்று வாராவாரம் வீட்டில் பெருமையடித்துக்கொண்டதும், மனைவி 'ஆமாங்க' என்று காபியை நீட்டியதும் டாக்டருக்கு ஞாபகம் வந்தது. கையிலிருந்த குச்சி மெல்லத் தாழ்ந்தது. திறந்த வாய் மூடப் போனது.

ஆர்கனிலிருந்து கண்ணெடுக்காமல் மனைவி முணுமுணுத்தார்.

"வாயை மூடாதீங்க. இன்னும் முடியல."